இரண்டு பதிவேட்டில் ஒரு செல்லையன்

1

அறுபதை நெருங்கும் ஒரு மனிதன் செய்யக்கூடாத முட்டாள்தனங்களுக்கு யாராவது பட்டியல் போட்டால், கனடா நாட்டுக் குடியுரிமைச் சடங்கில் ஒரு போலந்துக்காரனுக்காக ஆஜர் சொன்னதை முதலில் போடலாம். சொன்னவன் நான்தான். பட்டியலில் அடுத்து வருபவற்றையும் பெரும்பாலும் நானே செய்திருக்கிறேன் என்பதால் இந்தத் துறையில் எனக்குப் போட்டி கிடையாது.

இந்த ஊருக்கு வந்து இருபது குளிர்காலம் கழிந்த பிறகு, மனைவி கமலத்தின் நச்சரிப்பு தாங்காமல் விண்ணப்பம் போட்டேன். போன மாதம் நகரசபை மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உறுதிமொழிக்கு முன் ஓர் அதிகாரி பெயர் வாசித்தார். பெயர் வந்ததும் எழுந்து ‘பிரசன்ட்’ சொல்ல வேண்டும். தேவதாசன் என்ற என் பெயர் அவர் வாயில் ‘டெவடேசன்’ ஆயிற்று. எழுந்தேன், சொன்னேன், உட்கார்ந்தேன். அடுத்து ‘கோவால்ஸ்கி’ என்றார். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பாவம், பஸ் கிடைத்திருக்காது, ஆஜர் போய்விடுமே என்று எனக்குள் யாரோ ஒருவன் பதறினான். அடுத்த நொடி என் தொண்டையிலிருந்து, என்னுடையதே அல்லாத ஒரு கனத்த குரல் ‘பிரசன்ட்’ என்றது.

அதிகாரி என் பக்கத்தில் வந்தார். “நீங்களா கோவால்ஸ்கி?”

“இல்லை.”

“அப்படியானால் ஏன் சொன்னீர்கள்?”

“அவர் வரவில்லை, அதனால்தான்” என்றேன். எனக்கு அது போதுமான காரணமாகத் தோன்றியது.

பக்கத்தில் இருந்த மகள் ஷீலா கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். என் சான்றிதழை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: இன்னொருவர் பெயருக்கு நீங்கள் பதில் சொன்னதன் காரணத்தை எழுத்தில் விளக்கவும். விளக்குவதற்கு ஆறு வரி இடம் விட்டிருந்தார்கள். அந்த ஆறு வரியில் அடங்காததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நான் பாறசாலைக்காரன் என்றால் போதும். இங்கே போதாது. பிறந்த ஊர் எந்த மாநிலத்தில் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். பிறந்தபோது திருவிதாங்கூர், படித்தபோது திருவிதாங்கூர்-கொச்சி, இப்போது கேரளம். மூன்றையும் எழுதினேன். ஒரு வீடு எப்படி மூன்று இடத்தில் இருக்கும் என்று கேட்டாள் குமாஸ்தாப் பெண். வீடு நகரவில்லை அம்மா, பெயர்தான் நகர்ந்தது என்றேன். ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அடித்தாள்.

எல்லைக் கோடு எங்கே விழப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாங்கள் இண்டர்மீடியட் படித்தோம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் வேண்டும் என்று ஒரு பக்கம், ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று மறுபக்கம். நடுவில் நாங்கள் மூன்று பேர் அதியன்னூரில் ஓர் அவல் மில்லின் பின்னறையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்தோம்.

செல்லையன் என் ஊர்க்காரன், என் சபைக்காரன். எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் அவன் வாயைத் திறந்தால் பின்வரிசை பெஞ்சு அதிரும். கணக்கில் வகுப்பிலேயே முதல். பொறியியல் படித்து நெய்யாற்றில் ஓர் அணை கட்டுவேன் என்பான்; ஒரு பேச்சுக்கு அல்ல, நோட்டில் படமே வரைந்து வைத்திருந்தான். சுகுமாரன் அமரவிளைக்காரன், மலையாளம் பேசும் வைத்தியர் வீட்டுப் பிள்ளை. எங்கள் சமையல்காரன் அவன்தான். நான் ஒரே ஒரு நாள் தேயிலை போட்டேன். குடித்துவிட்டு, “எங்க அச்சனோட கஷாயம் இதுக்கு எவ்வளவோ பேதம்” என்றான் சுகுமாரன், தேவலை என்ற அர்த்தத்தில். அத்தோடு என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரல் போடுவது. பிரின்ஸிபால் இருமுவது, பஸ் கண்டக்டர் அமரவிளைப் பாலத்தில் ஆளை இறக்குவது, அவல் மில் நிற்கும்போது ஒரு முக்கல் முக்குவது, எல்லாம் போடுவேன். சாயங்காலம் நெய்யாற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று எங்கள் இருவருக்கும் செல்லையன் குரலில் யார் நன்றாகப் பேசுகிறார்கள் என்று போட்டி. அதில் மட்டும் சுகுமாரன் எனக்குச் சமம்.

“எலே, எனக்க குரல எனக்கே தந்துட்டுப் போங்கலே” என்பான் செல்லையன். “நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையாக்கும். கோயில்ல பாடணும்.”

“நீ வரண்டாம் மக்கா. நாங்க ரெண்டு பேரும் போய் பாடிட்டு வாறோம்” என்பேன் நான்.

சண்டை தமிழில் தொடங்கும், மலையாளத்தில் முடியும். எது எந்த மொழி என்று நாங்கள் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் பார்க்கத் தொடங்கியதை மெதுவாகத்தான் கவனித்தோம். சுகுமாரன் உள்ளே வந்தால் சாயாக்கடையில் பேச்சு நின்றது. வேறொரு கடையில் செல்லையன் வந்தால் நின்றது. அமரவிளைப் பாலத்தின் பக்கம் ஒரு போலீஸ் லாரி வந்து நின்றது. முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு எல்லா நாளும். ஒரு வருஷமாக எங்களிடம் எதுவும் கேட்காத மில்காரர் ஒரு நாள் வாசலில் நின்று, “அல்ல, உங்கள்ல தமிழன் யாரு, மலையாளி யாரு?” என்று கேட்டார்.

“இவன் தமிழன், அவன் மலையாளி, நான் கடன்காரன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

3

செல்லையன் பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். கல்லூரியிலும் எங்களோடு இரண்டாம் மொழியாக மலையாளம்தான் எடுத்திருந்தான். இரண்டாம் வருஷம் தொடங்கியதும் தமிழுக்கு மாற வேண்டும் என்றான்.

“மார்க்கு போயிருமேலே” என்றேன்.

“போகட்டு. வீட்டுல பேசுத பாஷைய ஒரு வருஷமாவது எழுதிப் பாக்கணும்.”

அலுவலகத்துக்கு மனு மலையாளத்தில்தான் போக வேண்டும். சுகுமாரன் எழுதிக் கொடுத்தான், அழகான கையெழுத்தில். குமாஸ்தா அந்த மனுவைப் பார்த்துத் தமிழ்ப் பதிவேட்டில் செல்லையன் பெயரைச் சேர்த்தார். மலையாளப் பதிவேட்டில் அடிக்க மறந்துவிட்டார்.

இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில், பதினொரு மணிக்கு. மலையாளம் பெரிய ஹாலில். தமிழ், நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில், எட்டே பேருக்கு. எங்கள் மலையாள சார் பதிவேட்டிலிருந்து தலையை உயர்த்தாத மனிதர். செல்லையன் தமிழுக்கு மாறிப்போன முதல் நாளும் ‘செல்லையன்’ என்று வாசித்தார். பின் பெஞ்சிலிருந்து நான் செல்லையன் குரலில் ‘ஹாஜர்’ என்றேன். ஹால் சிரித்தது. சார் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாளும் சொன்னேன். பிறகு அது என் அன்றாடக் கடமையாயிற்று. உண்மையான செல்லையனுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் என் செல்லையன் தவறாமல் வந்தான். யார் சொல்வது என்று பின் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த சுகுமாரனுக்கு மட்டும்தான் தெரியும். செல்லையனிடம் சொல்லவில்லை, அவனுக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டான்.

“எடா, மதியெடா” என்பான் சுகுமாரன், பெஞ்சுக்கு அடியில் என் காலை மிதித்து. “இது எவிடெயெங்கிலும் போய் முட்டும்.” போதும், இது எங்கேயாவது போய் இடிக்கும் என்கிறான். எனக்குப் புரியாமல் இல்லை. ஹால் சிரிப்பது எனக்கு வேண்டியிருந்தது.

4

அந்த வெள்ளிக்கிழமை செல்லையன் எங்களோடு பஸ் ஏறவில்லை.

“நான் பாறசாலைக்குப் போறேன். ஊர்வலம் உண்டு.”

“தடை போட்டிருக்காவலே” என்றேன்.

“நடக்கதுக்கு என்ன தடை? கொடி பிடிச்சு நடந்துட்டு வாறேன், அவ்வளவுதானே.”

சுகுமாரன் பொட்டலம் கட்டி வைத்திருந்த தன் மதியச் சோற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தான். “ஒதுங்கி நடக்கணும். முன்னாடி போவாதே.”

வழியில் எங்கள் பஸ் மூன்று போலீஸ் லாரிகளைத் தாண்டியது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்த செய்தி வந்து அதிக நாள் ஆகவில்லை. பஸ்ஸில் யாரும் எந்த மொழியிலும் பேசவில்லை. கண்டக்டர் குரலைப் போட்டுப் பார்க்கலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பதினொரு மணி. சார் ‘செல்லையன்’ என்றார். சுகுமாரன் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தான், வேண்டாம் என்று. எனக்கோ அன்றைக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. அவன் வராத நாள். நாளை யாராவது கேட்டால் வகுப்பில் இருந்தான் என்று ஒரு எழுத்து இருக்கட்டும் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் புத்திசாலித்தனமாக யோசித்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. ‘ஹாஜர்’ என்றேன். ஹால் வழக்கம்போல் சிரித்தது.

அதே நேரத்தில் நூலகத்துச் சின்ன அறையில் எங்கள் தமிழ் ஐயா, காலியாக இருந்த செல்லையனின் இடத்தைப் பார்த்திருக்கிறார். எங்கே போயிருப்பான் என்று ஊகித்திருக்கிறார். ஒன்றும் பேசாமல் அவனும் வந்ததாகக் குறித்துவிட்டார். அவனுக்கு நல்லது நினைத்த இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவர் செய்தது தெரியாமல், ஒரே மணியில் அவனை இரண்டு அறைகளில் உட்கார வைத்தோம்.

செல்லையன் திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் புழுதி. ஊர்வலம் கலைந்த பிறகு பாறசாலைச் சந்திப்பில் யாரோ பஸ்ஸுக்குக் கல்லெறிந்திருக்கிறார்கள். டிரைவருக்கு நெற்றியில் காயம்.

“நீ எறிஞ்சியா?” என்று கேட்டேன்.

“எனக்க கையில கொடிக்கம்பும் இவனுக்க சோத்துப் பொதியுமாக்கும் இருந்தது. எந்தக் கையால எறிய?”

5

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் கல்லூரிக்கு வந்தார். கல்லெறிந்தவர்கள் பட்டியலில் செல்லையன் பெயரை யாரோ கொடுத்திருந்தார்கள். அவனை வராந்தாவில் ஒரு போலீஸ்காரனோடு நிறுத்திவிட்டு அவர் மட்டும் பிரின்ஸிபால் அறைக்குள் போனார். அவனோடு ஒரே அறையில் குடியிருப்பவர்கள் என்பதால் என்னையும் சுகுமாரனையும் கூப்பிட்டு உள்ளே சுவரோரம் நிறுத்தினார்கள்.

பிரின்ஸிபால் இருமிக்கொண்டே தமிழ்ப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். “அந்த நேரத்தில் பையன் இங்கே வகுப்பில் இருந்திருக்கிறான். நீங்களே பாருங்கள்.”

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஒரு கல்லூரிப் பதிவேட்டை எதிர்த்து அவருக்கு என்ன இருக்கிறது? தொப்பியைக் கையில் எடுத்தார். அவர் எழுந்தே விட்டார். அப்போதுதான், மேலதிகாரிக்கு உதவ வேண்டும் என்ற ஒரே நல்லெண்ணத்தோடு, எங்கள் குமாஸ்தா இன்னொரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுலயும் பையன் வந்திட்டுண்டு சார்.”

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் எங்கள் பேச்சிலேயே பேசியதுதான் எனக்குக் கூடுதல் பயம்.

“பதினொரு மணிக்குத் தமிழ் கிளாஸ்ல உண்டு. அதே பதினொரு மணிக்கு மலையாளம் கிளாஸ்லயும் உண்டு. இப்படி எல்லா இடத்துலயும் நிக்கத் தெரிஞ்சவன், பாறசாலையில நின்னிருக்க மாட்டான்னு எப்படிச் சொல்லுகது?”

நான் சொல்லியிருக்க வேண்டிய நகைச்சுவை அது. யாரும் சிரிக்கவில்லை. மலையாள சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குரல் பின் பெஞ்சிலிருந்து வரும், அங்கே இருக்கும் எங்கள் இரண்டு பேரில் யார் என்று தெரியாது என்றார் அவர்.

பிரின்ஸிபால் எங்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். “மலையாள வகுப்பில் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் தமிழ்ப் பதிவேடு நிற்கும். செல்லையன் வீட்டுக்குப் போகலாம். ஒப்புக்கொள்பவன் இந்தக் கல்லூரியில் இருக்க முடியாது.”

என் தொண்டையில் பிரின்ஸிபால் இருந்தார், கண்டக்டர் இருந்தார், அவல் மில்லே இருந்தது. என் குரல் மட்டும் இல்லை. சுகுமாரன் என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. என்னை நானே காட்டிக்கொடுக்க எனக்கும் வரவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, “செரி” என்றார்.

வெளியே செல்லையனை லாரியில் ஏற்றும்போது எங்களைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அப்போது ஒன்றுமே தெரியாது.

6

ஐந்து மாதம் கழித்து வந்தான். வழக்கு தானாகவே நீர்த்துப்போயிற்று, ஆனால் ஸ்டேஷனில் வாங்கிய அடியில் இடது காது கேட்காமல் போயிருந்தது. கல்லூரியில் பெயரை அடித்துவிட்டார்கள். இந்த முறை இரண்டு பதிவேட்டிலும் மறக்காமல் அடித்தார்கள். தமிழ் ஐயாவுக்கும் வேலை போயிற்று.

அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் வந்து உட்காரச் சொன்னான்.

“ஸ்டேஷன்ல வச்சுதான் எனக்குத் தெரியும், எவனோ மலையாளம் கிளாஸ்ல எனக்கு ஹாஜர் சொன்னான்னு. உங்க பெஞ்சுன்னு சொன்னாவ. நீயா?”

கேள்வி நேராக வந்தது. ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். அவன் காதைப் பார்த்தேன். மூலையில் அணைப் படம் வரைந்த நோட்டு கிடந்தது.

“நான் அண்ணைக்கு வாயே தொறக்கல்ல மக்கா” என்றேன்.

வலது காதை இன்னும் என் பக்கம் சாய்த்தான். “அப்ப அவனா?”

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தோளைக் குலுக்கினேன். அந்தக் குலுக்கலுக்கு நான் எந்தக் குரலும் போடவில்லை. அது மட்டும் முழுக்க என்னுடையது.

ஒரு வருஷம் முன்பு அவன் அதை நம்பியிருக்க மாட்டான். சோற்றுப் பொட்டலம் கொடுத்தவன் மேல் எப்படிச் சந்தேகம் வரும்? ஆனால் ஐந்து மாதம் உள்ளே இருந்தவனுக்கு, மலையாளத்துக்காரன் ஒருவன்தான் தன்னை மாட்டிவிட்டான் என்று நம்புவது எளிதாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பிறகு சுகுமாரன் அவனைப் பார்க்கப் போயிருக்கிறான். முற்றத்தில் நிற்க வைத்தே திருப்பி அனுப்பிவிட்டான் செல்லையன். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் சுகுமாரன் என்னைப் பிடித்தான்.

“நீ அவன்கிட்ட பறஞ்ஞோ?”

“பறயாம்” என்றேன். சொல்கிறேன் என்றால் இன்னும் சொல்லவில்லை என்றுதானே. அவன் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானாகப் போய்ச் செல்லையனிடம் சொல்லவும் இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது.

கோடு விழுந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றன. செல்லையன் அம்பூரியில் ரப்பர் வெட்டப் போனான். நான் பட்டம் வாங்கி, எத்தியோப்பியாவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அங்கிருந்து இங்கே வந்து பனி வாருகிறேன்.

7

ஆறு வரியில் ‘பழக்கம், மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதிக் கடிதத்தை அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் தபாலில் வந்தது. கோவால்ஸ்கிக்கும் வந்திருக்கும்.

ஷீலா என்னை விடவில்லை. “அப்பா, நீ யார் மாதிரி பேசினே, அந்த வாய்ஸ் யாரோட?” என்று கேட்டாள். ஊருக்கு இரண்டே முறை வந்தவள். அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். கமலம் அடுக்களையிலிருந்து வந்து கதவருகே நின்று முழுதும் கேட்டாள். கமலம் காரக்கோணத்துக்காரி, அடுத்த ஊர்க்காரர்களையெல்லாம் அறிந்தவள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாட்ட ‘பையன் நல்ல தமாஷ்காரன்’னு மட்டுந்தான் சொன்னாவ” என்றாள். பிறகு, “செல்லையன் அண்ணனுக்க வீட்டுல இப்ப போன் உண்டு. சபைக் கணக்கரிட்ட கேட்டா நம்பர் தருவாரு” என்று சொல்லி உள்ளே போனாள்.

நேற்று இங்கே சாயங்காலம், அங்கே விடிந்திருந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அந்தக் குரல் அப்படியே இருந்தது, அடியில் கொஞ்சம் மணல் சேர்ந்த மாதிரி. நான் பழைய கண்டக்டர் குரலில் ‘அமரவிளை எறங்கு’ என்றேன். ஒரு நொடி கழித்து, “தேவதாசனா?” என்றான். அரை மணி நேரம் பேசினோம். மகன் பள்ளியில் வேலை பார்க்கிறானாம். ரப்பர் விலை சரியில்லையாம். வலது காதும் மங்கி வருகிறதாம், உரக்கப் பேசச் சொன்னான்.

அதனால் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் மனைவியும் மகளும் கேட்க, முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லாததைக் கிட்டத்தட்டக் கத்திச் சொன்னேன். ஹாஜர் சொன்னது நான். தினமும் சொன்னது நான். சுகுமாரன் என் முழங்காலைப் பிடித்துத் தடுத்தான். பிரின்ஸிபால் அறையில் அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றான். உன் வீட்டில் வைத்து நான் தோளைக் குலுக்கினேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நீ இஞ்சினீயர். இத்தனை வருஷமும் சுகுமாரன் உன் முற்றத்துக்கு வெளியே நின்றதும் என்னால்தான். என்னை மன்னிச்சிரு மக்கா, என்றேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு முறை ‘ஹலோ’ சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல், கோபமே இல்லாமல், யாருக்கோ வழி சொல்வதுபோல் சொன்னது:

“அதை சுகுமாரனுக்க பெஞ்சாதிகிட்டச் சொல்லு, அவ மட்டுந்தான் இப்ப உண்டு.”